நோட்டை மூடாதீங்க, குட்டீஸ்!

உங்களிடம் ஒரு கேள்வி. ஒன்றாம் வகுப்புக்குள் போய், "இங்கே யாருக்கெல்லாம் படம் வரையத் தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். அத்தனை கைகளும் மேலே போகும். சில வாண்டுகள் இரண்டு கைகளையும் தூக்குவார்கள்! அதே கேள்வியை எட்டாம் வகுப்பில் கேளுங்கள். இரண்டு கை, மூன்று கை... அதுவும் பாதி தூரம்தான் எழும்பும். மற்றவர்கள் எல்லாம், "அவன்தான் சார் நல்லா வரைவான்" என்று யாரையாவது காட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த ஏழு ஆண்டுகளில் என்ன ஆச்சு? கை சின்னதாகிவிட்டதா? இல்லையே! முன்பைவிடப் பெரிய கை. பென்சிலை நன்றாகப் பிடிக்கும் கை. பிறகு ஏன் தூக்க மாட்டேன் என்கிறது?

நான் சொல்கிறேன். நடுவில் ஒருநாள் யாரோ உங்கள் படத்தைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். "இது நாயா, ஆடா?" என்று கேட்டிருப்பார்கள். அன்றைக்கு மூடிய நோட்டு அப்படியே இருக்கிறது. ஆசை மட்டும் போகவில்லை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் யாருக்கும் தெரியாமல் வரைகிறீர்கள். யாராவது பக்கத்தில் வந்தால் கையால் பொத்திக் கொள்கிறீர்கள். சரிதானே?

என் கருத்தைப் பளிச்சென்று சொல்லிவிடுகிறேன். நிறைய பேர் வரைவதை விட்டது, திறமை இல்லாததால் அல்ல. நோட்டை மூடி வைத்ததால். வரைந்ததை நாலு பேருக்குக் காட்டுங்கள், நாலு பேர் வரைந்ததைப் பாருங்கள். வரைதல் தானாக வளரும்.

வாசலைப் பாருங்கள்!

"அதெல்லாம் சும்மா, ஓவியம் பிறவியிலேயே வரணும்" என்று சிலர் சொல்வார்கள். அவர்களைக் காலையில் எழுப்பி, தெருவாசலுக்குக் கூட்டிப் போங்கள்.

அங்கே அம்மாவோ, பாட்டியோ, அத்தையோ கோலம் போட்டுக்கொண்டு இருப்பார்கள். நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என்று வரிசையாக வைத்து, ஒரு புள்ளியையும் தொடாமல் வளைத்து வளைத்துச் சிக்குக் கோலம் போடுவார்கள். கடைசியில் கோடு, தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும். ஸ்கேல் கிடையாது. ரப்பர் கிடையாது. இரண்டு விரலுக்கு நடுவில் மாவு, அவ்வளவுதான். கொஞ்சம் யோசியுங்கள். இவர்களில் எத்தனை பேர் ஓவியப் பள்ளிக்குப் போனவர்கள்? "நீங்க ஆர்ட்டிஸ்ட்டா?" என்று கேட்டால் சிரித்துவிடுவார்கள்.

பின் எப்படி வந்தது? மூன்று காரணங்கள்.

முதலாவது, தினமும் போடுகிறார்கள். இன்றைக்குக் கோணலாகிவிட்டால் கவலை இல்லை. நாளைக்கு வாசலைத் தெளித்து, பெருக்கி, புதிதாக ஒன்று.

இரண்டாவது, தெருவில் போடுகிறார்கள். பால்காரர் பார்க்கிறார். பேப்பர் போடும் அண்ணன் பார்க்கிறார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எல்லாம் பார்க்கிறார்கள். "யாராவது சிரிப்பார்களோ" என்று பயந்து வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு யாரும் வாசல் கோலம் போடுவதில்லை.

மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். கேட்கிறார்கள்; கொடுக்கிறார்கள். மார்கழி மாதம் தெருவில் நடந்து பாருங்கள். "அக்கா, இது எத்தனை புள்ளி?" என்று எதிர்வீட்டில் கேட்பார்கள். "பதினஞ்சு புள்ளி, எட்டு வரைக்கும் ஊடுபுள்ளி" என்று பதில் வரும். உடனே அது ஒரு நோட்டில் ஏறிவிடும். அடுத்த வாரம் அதே கோலம் எதிர்வீட்டு வாசலில், ஓரத்தில் ஒரு புதுப் பூவோடு! "என் கோலத்தைத் திருடிட்டா" என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. பெருமையாகத்தான் நினைக்கிறார்கள்.

தினமும் வரை. வெளியில் வரை. கேட்டுக் கற்றுக்கொள். நம் வாசலிலேயே இருக்கிற இந்தப் பாடத்தை, நோட்டு கையில் வந்ததும் நாம் ஏன் மறந்துவிட வேண்டும்?

27 வயதில் தொடங்கியவர்

வின்சென்ட் வான்கா என்ற ஓவியரின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சூரியகாந்திப் பூக்களையும் சுழலும் நட்சத்திர இரவையும் வரைந்தாரே, அவர்தான். 1853-ல் ஹாலந்து நாட்டில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே அவர் பெரிய ஓவியராக இருந்தார் என்று நினைத்தால் அது தவறு. ஓவியக் கடையில் வேலை பார்த்தார். பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தார். புத்தகக் கடையில் இருந்தார். மதப் பிரசாரகராகவும் போனார். எதுவும் ஒத்துவரவில்லை. 1880-ல், 27-ஆம் வயதில்தான், "இனி ஓவியம்தான்" என்று முடிவு செய்தார்.

எப்படிக் கற்றார் தெரியுமா? ஷார்ல் பார்க் என்பவர் மாணவர்களுக்காகத் தயாரித்த பயிற்சிப் படங்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளாகப் பார்த்துப் பார்த்து வரைந்தார். உழவர்களை வரைந்து புகழ்பெற்ற மில்லே என்ற ஓவியரின் படங்களைப் பார்த்தும் வரைந்தார். தூரத்தில் இருப்பது சின்னதாகவும் பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் சரியாக அமைய வேண்டுமே? அதற்காக ஒரு மரச்சட்டம் செய்து, குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி, அதன் வழியாக வயலையும் கடலையும் பார்த்து வரைந்தார். நீங்கள் இந்திய வரைபடத்தைக் கட்டம் போட்டு வரைவீர்களே, கிட்டத்தட்ட அந்த உத்திதான்.

இன்னொன்றும் செய்தார். தம்பி தியோவுக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம், "இப்போது இதை வரைந்துகொண்டிருக்கிறேன்" என்று கடிதத்திலேயே குட்டிப் படம் போட்டு அனுப்பினார். அதாவது, நோட்டை மூடவில்லை! பத்தே ஆண்டுகள்தான் வரைந்தார். 1890-ல் இறந்துபோனார். அதற்குள் 800-க்கும் அதிகமான எண்ணெய் வண்ண ஓவியங்களை வரைந்து முடித்திருந்தார்.

27 வயதில் தொடங்கியவருக்கே வந்தது என்றால், 12 வயதில் "எனக்கு வராது" என்று முடிவு கட்டுவது அவசரம் இல்லையா?

பார்த்து வரைந்தால் தப்பா?

"பார்த்து வரைவது காப்பி அடிப்பது ஆகாதா?" என்று ஒரு சுட்டி கேட்பது காதில் விழுகிறது. நல்ல கேள்வி.

பரீட்சையில் பக்கத்துப் பையன் விடையைப் பார்த்து எழுதினால் நீங்கள் எதையும் கற்பதில்லை. ஆனால், ஒரு நல்ல படத்தைப் பார்த்து வரையும்போது உங்கள் கண்ணும் கையும் வேலை செய்கின்றன. அந்த ஓவியர் மூக்கை எத்தனை கோட்டில் முடித்தார், நிழலை எந்தப் பக்கம் வைத்தார் என்று கவனிக்கிறீர்கள். அது பயிற்சி. கோல நோட்டும் அதுதான், வான்கா செய்ததும் அதுதான்.

ஒரே ஒரு நிபந்தனை. படத்தின் கீழே, "இன்னாருடைய படத்தைப் பார்த்து வரைந்தது" என்று எழுதிவிடுங்கள். மற்றவர் படத்தை "என் சொந்தக் கற்பனை" என்று சொல்லிப் போட்டிக்கு அனுப்பினால்தான் அது தப்பு. பிறகு, வாரம் முழுக்கப் படத்தைப் பார்த்தே வரையாதீர்கள். மூன்று நாள் படத்தைப் பார்த்து என்றால், நான்கு நாள் நிஜத்தைப் பார்த்து வரையுங்கள். திண்ணையில் தூங்கும் நாய், குழாயடியில் நிற்கும் குடம், கழற்றிப் போட்ட செருப்பு... மாடல்களுக்கா பஞ்சம்?

அடுத்தவர் படத்தைப் பார்க்கும்போது...

காட்டுகிறவருக்குத் தைரியம் வேண்டும். பார்க்கிறவருக்கு? கொஞ்சம் பக்குவம் வேண்டும். இங்கேதான் நாம் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம்.

மறுபடியும் வான்கா கதைக்கே வருகிறேன். 1885-ல் அவர், விளக்கு வெளிச்சத்தில் ஏழைக் குடும்பம் ஒன்று உருளைக்கிழங்கு சாப்பிடும் காட்சியை வரைந்தார். அந்தப் படத்தைக் கல்லில் வரைந்து அச்செடுத்து, ஒரு பிரதியைத் தன் நண்பரும் ஓவியருமான ஆன்டன் வான் ராப்பார்டுக்கு அனுப்பினார். நண்பரோ, அக்கறையே இல்லாமல் வரைந்தது போல இருக்கிறது என்ற தோரணையில், குற்றம் குற்றமாக அடுக்கிக் காட்டமாகப் பதில் எழுதினார். வான்கா அந்தக் கடிதத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். சுமார் ஐந்து ஆண்டு நட்பு அந்த ஆண்டோடு முறிந்தது. இன்றைக்கு அந்த உருளைக்கிழங்கு ஓவியம் ஆம்ஸ்டர்டாம் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகமே வந்து பார்க்கிறது.

ராப்பார்ட் கெட்டவர் இல்லை. படத்தில் பிழைகளே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. பிழையைச் சொல்லும் விதம் ஒன்று இருக்கிறது. அதைத் தவறவிட்டால் படமும் திருந்தாது, நட்பும் நிலைக்காது.

அதற்காக எல்லாவற்றுக்கும், "சூப்பர்... சூப்பர்!" என்று சொல்வதும் உதவி இல்லை. சூப்பர் என்ற சொல்லை வைத்துக்கொண்டு அடுத்த படத்தில் எதை மாற்றுவது? ஆகவே, உங்கள் நண்பர் நோட்டைக் காட்டும்போது இந்த மூன்றையும் வரிசையாகச் செய்து பாருங்கள்.

ஒன்று: உங்கள் கண்ணில் பட்ட நல்லதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். "மாட்டோட கொம்பு வளைவு நிஜமா இருக்குடா."

இரண்டு: ஒரு கேள்வி கேளுங்கள். "வெயில் எந்தப் பக்கத்திலிருந்து அடிக்குது?" பாதி நேரம் அந்தக் கேள்வியிலேயே அவருக்குத் தன் பிழை தெரிந்துவிடும்.

மூன்று: ஒரே ஒரு யோசனை சொல்லுங்கள். பத்துச் சொன்னால் ஒன்றும் மனதில் நிற்காது. முக்கியமாக, அவர் நோட்டில் உங்கள் பென்சிலை வைத்துத் திருத்தாதீர்கள். வேறு தாளில் வரைந்து காட்டுங்கள். அது அவருடைய படம்!

சிரித்தவர்களை நினைத்தால்...

இத்தனைக்குப் பிறகும் சிலர் சிரிக்கத்தான் செய்வார்கள். அப்போது ஆர்.கே.லக்ஷ்மணை நினைத்துக்கொள்ளுங்கள். 1921-ல் மைசூரில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது வகுப்பில் இலை ஒன்று வரையச் சொன்னார்கள். அவர் அரச இலையை வரைந்தார். ஆசிரியர் அதைப் பாராட்டி, ஓவியனாக வருவாய் என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார் பையன். பிறகு பம்பாயில் பெயர்பெற்ற ஓவியப் பள்ளி ஒன்றில் சேர மனுப் போட்டார். சேர்த்துக்கொள்ளும் அளவுக்குத் திறமை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்!

அவர் நோட்டை மூடினாரா? இல்லை. வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே பத்திரிகைகளுக்கு வரைந்தார். கட்டம் போட்ட சட்டையும் வேட்டியுமாக அவர் வரைந்த சாமானிய மனிதரை, பல பத்தாண்டுகள் தினமும் காலையில் இந்தியா முழுக்கப் பார்த்துச் சிரித்தார்கள். 2005-ல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. 2015-ல் அவர் காலமானபோது நாடே வருந்தியது.

இந்தக் கதையில் நான் அந்த ஆசிரியரைத்தான் அதிகம் நினைக்கிறேன். ஓர் இலையைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை! அதைச் சொல்ல உங்களாலும் முடியும்.

படிப்பு கெடுமா?

"வரைஞ்சது போதும், போய்ப் படி" என்று வீட்டில் சொல்கிறார்களா? பள்ளியில் டிராயிங் பீரியடை கணக்கு சார் வாங்கிக்கொள்கிறாரா? பெரியவர்களுக்கும் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

ஸ்பெயின் நாட்டில் சாந்தியாகோ ரமோன் இ காஹால் என்று ஒருவர் இருந்தார். சிறுவயதில் ஓவியராக வேண்டும் என்றுதான் ஆசை. அப்பாவோ, டாக்டராகத்தான் வேண்டும் என்றார். மகன் டாக்டருக்குப் படித்தார். ஆனால், வரைவதை விடவில்லை. நுண்ணோக்கியில் மூளையின் நரம்புச் செல்களைப் பார்த்து, கிளை கிளையாகப் பிரியும் மரங்களைப் போலத் துல்லியமாக வரைந்தார். அந்த ஆராய்ச்சிக்காக 1906-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அவர் படங்களை விஞ்ஞானிகள் இன்றும் வியந்து பார்க்கிறார்கள்.

நோபல் பரிசு வரை போக வேண்டாம். செம்பருத்திப் பூவின் பாகங்களை வரைந்தவனுக்கு அவை மறக்காது. வரைவதற்காக உற்றுப் பார்க்கிறோம். உற்றுப் பார்த்தது மனதில் பதிகிறது. அதுதான் ரகசியம்.

"இப்பத்தான் கம்ப்யூட்டரே படம் போட்டுக் கொடுக்குதே, நான் ஏன் மெனக்கெடணும்?" என்று கேட்பீர்கள். அது படத்தைக் கொடுக்கும். ஆனால், தூங்கும் நாயின் காது எப்படி மடிந்திருக்கிறது என்று பார்க்கும் கண்ணைக் கொடுக்காது. சைக்கிள் இருக்கிறது என்பதற்காக நாம் நடக்காமலா இருக்கிறோம்?

இன்னொன்று, பெற்றோருக்கு. உங்கள் பிள்ளையின் பள்ளி புராஜெக்ட்டுக்கும் ஓவியப் போட்டிக்கும் நீங்கள் உட்கார்ந்து வரைந்து கொடுக்காதீர்கள். கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1949-ல் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி தொடங்கினார். அடுத்த ஆண்டே வெளிநாட்டுக் குழந்தைகளும் அதில் சேர்ந்தார்கள். அது குழந்தைகளின் கைக்காக நடந்த போட்டி. அப்பாக்களின் கைக்காக அல்ல. கோணலான கோடாக இருந்தாலும் குழந்தையின் கோடுதான் அழகு.

இப்போதே செய்து பார்க்க...

சில உத்திகள் சொல்கிறேன்.

கண்ணாடி முன் நில்லுங்கள். உச்சந்தலையிலிருந்து கண் வரை எவ்வளவு, கண்ணிலிருந்து தாடை வரை எவ்வளவு என்று விரலால் அளந்து பாருங்கள். ஏறக்குறைய சமமாக இருக்கும்! முகம் வரையும்போது நம்மில் பலர் கண்ணை நெற்றியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். இனி நடுவில் வையுங்கள். முகம் சட்டென்று முகமாகிவிடும்.

ஒரு கோட்டுப் படத்தைத் தலைகீழாக வைத்து அப்படியே வரையுங்கள். பெட்டி எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க ஆசிரியை 1979-ல் எழுதிய தன் புத்தகத்தில் சொன்ன பயிற்சி இது. தலைகீழாக இருந்தால் "இது மூக்கு, இது வாய்" என்று மனசு பேசாது. கோட்டை மட்டும் பார்க்கும். முடிந்ததும் நேராகத் திருப்பிப் பாருங்கள். அசந்துபோவீர்கள்.

பென்சிலில் எச்.பி., 2பி, 4பி என்று போட்டிருப்பார்களே, கவனித்திருக்கிறீர்களா? உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்த கலவை. களிமண் கூடினால் கோடு கெட்டியாக, வெளிறி விழும். குறைந்தால் மெத்தென்று கறுப்பாக விழும். முதலில் எச்.பி.யால் லேசாக வடிவம் போடுங்கள். நிழலுக்கு 4பி. இரண்டே பென்சில் போதும். விலை உயர்ந்த கலர் பெட்டி வாங்கித் தந்தால்தான் வரைவேன் என்று அடம் பிடிக்காதீர்கள்!

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யலாம்?

2007-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கேப்ரியல் காம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர், தெருவில் உட்கார்ந்து ஊரை வரைகிறவர்களுக்காக ஒரு குழுவைத் தொடங்கினார். இன்று பல நாடுகளில் அந்தக் குழுக்கள் இருக்கின்றன. டாக்டர், ஆசிரியர், மாணவர், ஓய்வு பெற்றவர் என்று யார் வேண்டுமானாலும் வரலாம். எல்லாரும் ஓரிடத்தில் கூடி வரைவார்கள். முடிந்ததும் எல்லா நோட்டுகளையும் தரையில் பரப்பி வைத்துவிட்டுச் சுற்றி நின்று பார்ப்பார்கள். நன்றாக வந்தது, சொதப்பியது எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்! நம் மார்கழித் தெரு மாதிரியே இல்லை?

இதை நீங்கள் உங்கள் தெருவிலேயே செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் சேருங்கள். தம்பி தங்கைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; நன்றாக வரைபவன், வராதவன் என்று பிரிக்காதீர்கள். நடுவில் ஒரே பொருளை வையுங்கள். ஒரு குடை, ஒரு வாழைப்பழச் சீப்பு, எதுவானாலும் சரி. அரைமணி நேரம் பேசாமல் வரையுங்கள். பிறகு நோட்டுகளைத் தரையில் பரப்புங்கள். நான்கு பேர் பார்த்தது ஒரே குடை. ஆனால் நான்கு குடைகள் இருக்கும்! ஒருவன் கம்பியைப் பார்த்திருப்பான். ஒருத்தி துணியின் மடிப்பைப் பார்த்திருப்பாள். நீங்கள் பார்க்காமல் விட்டதை அவர்கள் நோட்டு உங்களுக்குக் காட்டும். இதற்குக் காசு கொடுத்து எந்த வகுப்புக்கும் போக வேண்டாம்.

படத்தின் மூலையில் தேதி போடுங்கள். பழைய நோட்டைக் கிழித்துப் போடாதீர்கள். ஆறு மாதம் கழித்து முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் வளர்ந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

என்ன குட்டீஸ், பென்சிலைச் சீவியாச்சா? அந்தக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தை முதலில் பக்கத்து பெஞ்ச் நண்பனுக்குக் காட்டுங்கள். அவன் நோட்டின் கடைசிப் பக்கத்திலும் ஏதாவது இருக்கும்... கேட்டுப் பாருங்கள்!